கலைக்கு மனை அமைத்த கைகள்
ருக்மிணி தேவி அம்மையாரின் வாழ்வும் பணியும்

கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறிச் செம்மேட்டை அடைவோர் அங்கே வல்வில் ஓரியின் சிலையைக் காண்பர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரியை நாம் வன்பரணரின் பாடல்கள் வழியே அறிகிறோம். வறுமையுற்ற கூத்தர் கூட்டம் ஒன்று மலைக்காட்டு வழியே வருகின்றது. வேட்டையாடி நிற்கும் ஒருவனைக் கண்டு, அவன் நாடாளும் மன்னன் என்பதை அறியாமலேயே அவன்முன் பாடி நிற்கின்றது. அவனோ ஊனுணவும் தன் மலையிற் கிடைத்த பொன்னும் வழங்கி விடைகொடுக்கின்றான். மற்றொரு பாடலில், ஓரியிடம் பெற்ற பரிசிலால் நிறைவுற்ற கூத்தர் ஆடலையும் பாடலையும் மறந்தே போயினர் என்று புலவர் வியக்கின்றார். விறலியும் பாணனும் மன்னன் முன்னிலையில் தலைநிமிர்ந்து நின்ற காலம் அது.

அத்தகைய ஆடற்கலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெயரைச் சொல்லவே நல்லோர் கூசும் நிலைக்குத் தாழ்ந்திருந்தது. கற்றோர் அதனை இழிவென்றனர். கலையைக் காத்துவந்த குலத்தாரோ வறுமையிலும் பழியிலும் உழன்றனர். அந்நாளில் முப்பது வயதை எட்டியிருந்த ஒரு பெண்மணி, மேலைநாட்டுப் பாலே நடனத்தில் தொடங்கி, நம் நாட்டு ஆடலைக் கற்று, பின் தாம் ஆடுவதோடு நில்லாது நடன அமைப்பாளராகவும் நிறுவன நெறியாளராகவும் உயர்ந்தார். அவரே ருக்மிணி தேவி அருண்டேல்.

இசுலாமியச் சமுதாயம் நடத்தும் ஒரு கல்லூரியின் மலரில் ஆடற்கலைஞர் ஒருவரின் வரலாறு ஏன் என்று பெரியோர் சிலர் வினவலாம். தமிழ் கற்பிப்போர் ஆடலை அறியாது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லுதல் இயலாது என்பது நம் முதல் விடை. குறவஞ்சி என்னும் ஆடல் இலக்கிய வடிவை நம் தக்கலை பீர்முகமது அப்பா அவர்களே கையாண்டு ஞானரத்தினக் குறவஞ்சி பாடினார்கள் என்பது இரண்டாம் விடை. மூன்றாவது விடை, இக்கட்டுரையின் இறுதியில் தானே விளங்கும்.

அடையாற்றின் மகள்

ருக்மிணி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர், வடமொழி கற்றவர். தாயார் சேஷம்மாள் இசையின் ஊராகிய திருவையாற்றைச் சார்ந்தவர். பிரம்மஞான சபையின் கொள்கையில் ஈடுபட்ட தந்தையார், ஓய்வுபெற்றபின் குடும்பத்தோடு சென்னை அடையாற்றிற் குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் தலைமையில் அச்சபை அங்கே தழைத்திருந்த காலம் அது. பல நாட்டாரும் பல சமயத்தாரும் ஒருங்கே உறைந்த அவ்வளாகத்தில் இன்றும் கோயிலும் தேவாலயமும் புத்தர் ஆலயமும் பள்ளிவாசலும் நிற்கின்றன. இத்தகைய சூழலில் வளர்ந்த பெண்ணின் மனம் அகன்றதில் வியப்பில்லை.

அங்கேதான் ஆங்கிலேயக் கல்வியாளரான ஜார்ஜ் அருண்டேலை அவர் சந்தித்தார். பெசன்ட் அம்மையாரின் அணுக்கத் தொண்டரான அருண்டேல், 1917-இல் தன்னாட்சிக் கிளர்ச்சியின்போது அவரோடு காவலில் வைக்கப்பட்டவர். 1920-ஆம் ஆண்டு பம்பாயில் இருவரும் மணம் செய்துகொண்டனர். மணமகளுக்கு வயது பதினாறு; மணமகனோ நாற்பதைக் கடந்தவர். பிராமணக் குலப் பெண் வெள்ளையரை மணந்தமை அன்றைய சென்னையிற் பெரும் புயலைக் கிளப்பிற்று. ஊரார் ஏச்சை இளமையிலேயே தாங்கப் பழகியமை, பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று எனலாம்.

பாலேயிலிருந்து சதிருக்கு

கணவரோடு உலகின் பல நாடுகளிலும் பயணம் செய்த ருக்மிணி தேவியின் வாழ்வை மாற்றியவர் உருசிய நாட்டுப் பாலே அரசி அன்னா பாவ்லோவா. 1928-இல் பாவ்லோவா பம்பாய்க்கு வந்து ஆடியபோது அருண்டேல் தம்பதியர் கண்டு களித்தனர். பின்னர் ஆஸ்திரேலியா நோக்கிய கடற்பயணத்தில் இருவரும் ஒரே கப்பலில் செல்ல நேர்ந்தது, நட்பு மலர்ந்தது. பாலே கற்க விழைந்த ருக்மிணி தேவிக்குத் தம் குழுவைச் சார்ந்த கிளியோ நார்டியை ஆசிரியையாக அமர்த்தினார் பாவ்லோவா. அத்தோடு நில்லாமல், உன் நாட்டு ஆடலை நீ தேடு என்னும் கருத்துப்பட அறிவுரையும் கூறினார். அயலார் ஒருவர் சுட்டிக் காட்டியபின்னரே நம் வீட்டுக் கருவூலம் நம் கண்ணிற் படுகின்றது என்பது நமக்குப் புதிதன்று.

அந்நாளில் அக்கருவூலத்தின் பெயர் சதிர். கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசியர் அதனை ஆடினர், நட்டுவனார் பயிற்றுவித்தனர். ஆதரித்த அரசுகள் மறைந்தபின் அக்குலப் பெண்கள் பலர் சீரழிக்கப்பட்டனர். அக்கொடுமையைக் கண்டு உள்ளம் கொதித்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்திற் போராடினார். மற்றொருபுறம் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர், கலை வேறு, அதனைச் சூழ்ந்த தீமை வேறு என்று வாதிட்டார்; தாமே பெண்வேடம் பூண்டு மேடையேறியும் ஆடிக் காட்டினார். இருவரும் நல்லோரே; இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. 1931-லும் 1933-லும் சென்னை மியூசிக் அகாதெமி இக்கலையைத் தன் மேடையில் ஏற்றியது. பரதநாட்டியம் என்னும் பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியதும் அக்காலத்தேயாம்.

இந்தச் சொற்போரின் நடுவே ருக்மிணி தேவி மாணவியானார். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடம் முதலிற் பாடம் கேட்டார். பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். ஊரார் வாசலிற் சேர்க்கத் தயங்கிய குலத்தாரின் முன் உயர்குலத்துப் பெண்ணொருத்தி மாணவியாய் அமர்ந்தது அன்று எளிய செயலன்று. மேலும், சிறுவயதிலேயே உடலைப் பழக்கிக் கற்கவேண்டிய கலையை முப்பது வயதிற் கற்கத் துணிந்தார். கற்கும் வயது கடந்துவிட்டது என்று இருபத்தைந்து வயதிலேயே பெருமூச்சுவிடும் நம் மாணவர் இதனை மனங்கொள்ளல் நன்று.

1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழா அடையாற்றில் நிகழ்ந்தபோது ருக்மிணி தேவி முதன்முதலாகப் பலரறிய ஆடினார். பழிக்க வந்தோரும் இருந்தனர். வியந்து மீண்டோரும் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டே சபையின் தலைவராகியிருந்த அருண்டேல், மனைவியின் முயற்சிக்கு அரணாய் நின்றார்.

கலாக்ஷேத்திரம்

1936 ஜனவரி 6 அன்று அடையாற்றில் ஒரு கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. முதலில் அனைத்துலகக் கலைக்கழகம் என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் தாங்கிய அந்நிறுவனம், பின்னர்க் கலாக்ஷேத்திரம் ஆயிற்று. இங்கிருந்து அம்மையாரின் இரண்டாவது வாழ்வு தொடங்குகின்றது. தாம் ஆடிப் புகழ்பெறுவதைவிடப் பிறரை ஆடவைத்து அரங்கத்தை ஆள்வதே தம் பணியென அவர் கண்டுகொண்டார்.

நல்லாசிரியரைத் தேடிக் கொணர்வதே நிறுவனத்தின் உயிர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நாட்டியத்திற்குச் சொக்கலிங்கம் பிள்ளை முதலான நட்டுவனார்களும், கதகளிக்கு அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தனர். இசைக்கு டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன் ஆகிய பெருமக்கள் வந்தனர். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தாலே அவ்வூர் மாறும். இத்தனை பேர் ஒரே மரநிழலில் கூடினால் விளைவு எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ!

அரங்க அமைப்பிலும் அவர் மாற்றங்கள் செய்தார். ஆடுவோரின் பின்னே நின்றும் நடந்தும் வாசித்த இசைக்குழுவை மேடையின் ஒருபக்கத்தில் அமரச் செய்தார். கோயிற் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும் நோக்கி ஆடை அணிகளை வகுத்தார். ஒளியமைப்பிலும் மேடை ஒழுங்கிலும் பாலே அரங்கில் தாம் கண்டவற்றைப் பயன்கொண்டார். ஆடைக்கு வேண்டிய சேலைகளை நெய்யவே நெசவுப் பிரிவொன்றையும் ஏற்படுத்தினார். பழைய கரைகளும் வண்ணங்களும் அத்தறிகளில் மீண்டும் உயிர்பெற்றன. பாலே அவரிடம் ஆடலாக எஞ்சாவிடினும், பலர் கூடி ஒரு கதையை ஆடும் நாட்டிய நாடகம் என்னும் கனவாக எஞ்சிற்று எனலாம்.

அக்கனவின் முதற்கனியாக 1944-இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி மேடையேறியது. தமிழ்த்துறையினர் நெஞ்சில் எழுதிவைக்க வேண்டிய நிகழ்ச்சி இது. தஞ்சைப் பெரிய கோயிலில் தேவதாசியர் குறவஞ்சி ஆடிய மரபு மங்கிக்கொண்டிருந்த வேளையில், பாடப்புத்தகத்துள் அடங்கிக் கிடந்த வசந்தவல்லியும் சிங்கியும் சிங்கனும் எழுந்து நடமாடினர். மலைவளம் கூறும் குறத்தியைப் படித்துப் பொருள் எழுதுவது வேறு. அவள் கையிற் கோலோடு நம்முன் வந்து தன் மலையின் பெருமையைச் செருக்கோடு பேசக் காண்பது வேறு. கொல்லிமலை ஏறிய மாணவர்க்கு அச்செருக்கின் பொருள் இன்னும் நன்கு விளங்கும்.

1947-இல் காளிதாசரின் குமாரசம்பவம் வந்தது. 1955-இல் சீதா சுயம்வரத்தோடு தொடங்கிய இராமாயண நாட்டிய நாடக வரிசை, 1970-இல் மகாபட்டாபிஷேகத்தோடு ஆறு பகுதிகளாக நிறைவெய்தியது. இவ்வரிசைக்கு இசையமைக்கத் தொடங்கியபோது வாசுதேவாச்சாரியார் தொண்ணூறு வயதை எட்டியிருந்தார். 1961-இல் அவர் மறைந்தபின் பேரர் இராஜாராம் அப்பணியை முடித்தார். பதினைந்து ஆண்டுகள் ஒரே காவியத்தோடு வாழ்ந்த அந்தப் பொறுமை இன்றைய விரைவு உலகிற்கு வியப்பூட்டுவதாகும்.

ஆடவர்க்கும் அவர் இடமளித்தார். கேரளத்துப் பையனூரிலிருந்து 1953-இல் சிறுவராக வந்து சேர்ந்த வி.பி. தனஞ்செயன் பின்னாளில் உலகறிந்த கலைஞரானார். யாமினி கிருஷ்ணமூர்த்தி, சாரதா ஹாஃப்மன், சி.வி. சந்திரசேகர் எனப் பயின்றோர் வரிசை நீளும்.

இழப்பும் எழுச்சியும்

1945 ஆகஸ்டில் அருண்டேல் மறைந்தார். நாற்பத்தொரு வயதில் தனித்து நின்ற அம்மையார்க்கு வேறொரு சோதனையும் வந்தது. பிரம்மஞான சபையின் வளாகத்தை விட்டுக் கலாக்ஷேத்திரம் வெளியேற வேண்டியதாயிற்று. திருவான்மியூர்க் கடற்கரையை அடுத்த மணற்பரப்பில் சுமார் 100 ஏக்கர் நிலம் வாங்கப்பெற்றது. நிழலுக்கு மரமில்லாத அவ்விடத்தில் கன்றுகள் நடப்பெற்றன. ஓலைக் குடில்கள் எழுந்தன. 1962-இல் நிறுவனம் அங்கே நிலைகொண்டது. இன்று அவ்வளாகத்திற் புகுவோர் காண்பது ஒரு சோலை. மணலை நம்பிக் கன்று நட்டவர்களை அந்நிழலில் நிற்போர் நினைப்பது கடன்.

1939-இல் மாண்டிசோரி அம்மையாரை இந்தியாவுக்கு அழைத்து அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி அளிக்கச் செய்தவர்களும் இத்தம்பதியரே. மழலையர் கல்வியில் நாம் இன்று கையாளும் முறைகள் பலவற்றின் வேர் இந்நாட்டில் ஊன்றியது அப்போதுதான்.

வாயில்லா உயிர்களின் வழக்கறிஞர்

1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற முதல் உறுப்பினர்களுள் அம்மையாரும் ஒருவர். 1956-இல் மீண்டும் நியமனம் பெற்றார். விலங்குகள் வதைபடுவதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றை அவர் அவையிற் கொணர்ந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதியின் பயனாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே.

அம்மையார் புலால் உண்ணாதவர், அக்கொள்கையில் உறுதியானவர். ஆயினும் அவர் முயற்சியால் முளைத்த அச்சட்டம், ஒரு சமயம் வேண்டும் முறைப்படி விலங்கை அறுப்பதைக் குற்றமெனக் கொள்ளாது என்பதைத் தன் இருபத்தெட்டாம் பிரிவில் தெளிவாக்குகின்றது. தம் கொள்கை முழுவதும் சட்டமாக வேண்டும் என்று பிடிவாதம் செய்திருப்பின், எதுவும் கைகூடாமற் போயிருக்கலாம். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்றதையும், பூனையைப் பட்டினியிட்டு வதைத்தவள் தண்டனைக்குள்ளானதையும் நபிபெருமானார் (ஸல்) அவர்களின் வாய்மொழிவழி அறிந்த நமக்கு, வாயில்லா உயிர்க்கிரங்கிய ஒருவரின் பணி அந்நியமானதன்று.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை முன்மொழிய விரும்பினார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. நாட்டின் முதற்குடிமகளாகும் வாய்ப்பைவிடத் திருவான்மியூர் மணல்வெளியும் மாணவர் கூட்டமும் அவர்க்குப் பெரிதாய்த் தோன்றின போலும்.

எழுந்த வினாக்கள்

பெரியோரின் வரலாற்றை எழுதுங்கால் புகழை மட்டும் தொகுத்தல் நடுநிலையாகாது. அம்மையார் சிருங்காரச் சுவையின் அழுத்தத்தைக் குறைத்துப் பக்திச் சுவையை மேலோங்கச் செய்தார். அக்கலை மரபிலேயே பிறந்த பாலசரசுவதி அம்மையார் இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே இக்கலையின் தலைமைச் சுவை என்பது அவர் கொள்கை. தூய்மை செய்கிறோம் என்று சொல்வோர், அதற்கு முன் அக்கலையைக் காத்தோரைத் தூய்மையற்றோர் ஆக்கிவிடுகின்றனரே என்னும் வேதனை அம்மரபினர்க்கு உண்டு. 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்ணினத்தின் இழிவு நீங்க அது தேவையானதே. ஆயினும் அதன்பின் மேடைகளை நிறைத்தோர் பெரும்பாலும் உயர்குடிப் பெண்கள். பல தலைமுறை அக்கலையைச் சுமந்த குடும்பங்கள் பல மேடையை விட்டே அகன்றன.

இவ்வினாக்கள் நியாயமானவை என்றே நாம் கருதுகிறோம். கொல்லிமலையின் பாவையைச் சங்கப் புலவர் பாடும்போது, காற்று மோதினும் மழை அறையினும் அதன் எழில் மாறாது என்பர். பாவைக்கு அது பொருந்தும். உயிருள்ள கலைக்குப் பொருந்தாது. கலை காலந்தோறும் மாறியே வாழும். மாற்றியவர்க்கு நன்றி கூறும் நாம், மாற்றத்திற்குமுன் அதனைக் கட்டிக் காத்தவரின் பெயரை மறத்தல் கூடாது. ருக்மிணி தேவியின் பெயரறிந்த மாணவர் மயிலாப்பூர்க் கௌரி அம்மாளின் பெயரையும் அறிதல் வேண்டும். தாம் யாரிடம் கற்றார் என்பதை அம்மையார் மறைத்ததில்லை. அவ்விரு ஆசான்களின் பெயரையும் அவர் வரலாற்றோடு சேர்த்தே நாம் சொல்லுதல் முறையாகும்.

மூன்றாவது விடை

தொடக்கத்தில் நாம் சொல்லாது விட்ட மூன்றாவது விடை இது. ஓரியையும் அவன் கொல்லிமலையையும் நமக்கு மீட்டுத் தந்தது, 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் அவர்களின் உழைப்பு. ஊர் ஊராய் அலைந்து அவர் திரட்டிய ஏடுகள், 1942-இல் அவர் மறைந்தபின் என்னாகுமோ என்ற கவலை தமிழன்பர்க்கு எழுந்தது. அப்போது கைகொடுத்தவர் ருக்மிணி தேவி அம்மையார். அவர் முயற்சியால் 1943-இல் அடையாற்றில் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் தோன்றியது. ஐயரின் ஏடுகளும் நூல்களும் கையெழுத்துப் படிகளும் அங்கே புகலிடம் பெற்றன. பின்னாளில் அந்நூல்நிலையம் பெசன்ட் நகரிற் சொந்தக் கட்டடம் கண்டது. நம் துறையின் ஆய்வாளர் எவரும் அதன் வாயிலைத் தட்டாமல் பழந்தமிழ் ஆய்வை முடித்தல் அரிது. ஆடலரங்கம் அமைத்த அதே கைகளே நாம் பாடம் சொல்லும் ஏடுகளுக்கும் கூரை வேய்ந்தன. இந்நன்றியை நாம் எங்ஙனம் மறப்போம்?

1956-இல் பத்மபூஷண், 1967-இல் சங்கீத நாடக அகாதெமியின் உயர்சிறப்பு எனப் பட்டங்கள் பல அவரை நாடி வந்தன. 1986 பிப்ரவரி 24 அன்று, எண்பத்திரண்டு வயது நிறைய ஒரு சில நாள்களே இருக்கையில், சென்னையில் அவர் மறைந்தார். 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கலாக்ஷேத்திரத்தை நாட்டின் சிறப்புவாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

ஓரி கூத்தர்க்குப் பொன்னும் யானையும் ஈந்தான். அவனோடு அக்கொடையும் முடிந்தது. அம்மையார் அமைத்த மனைகளோ அவருக்குப் பின்னும் நிற்கின்றன. ஒன்றில் ஆடலும் மற்றொன்றில் ஏடும் வாழ்கின்றன. அடுத்தமுறை நம் மாணவர் செம்மேட்டில் ஓரியின் சிலைமுன் நிற்கும்போது, அவன் பெயரைச் சுமந்துவந்த ஏட்டையும், அதனைத் தேடி மீட்ட ஐயரையும், ஐயரின் ஏடுகளுக்கு இடம் கொடுத்த அம்மையாரையும் ஒருங்கே நினைப்பாராக. நிலைத்த பணி எது என்னும் வினாவுக்கு அந்நினைவே தக்க விடை தரும்.